எண்ணூற்று இருபத்து மூன்றாம் வளையம்

வெள்ளப்பாறை சிமென்ட் ஆலைக் குடியிருப்பில் தெருக்கள் பன்னிரண்டு. அதைத் தாண்டினால் உடைமரக் காடு, காட்டைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல் குவாரி, அதையும் தாண்டினால் வெறும் வெயில். ஆனால் தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடிக் கடைசியிலிருந்து முப்பத்தெட்டு நாட்கள் அங்கே பதின்மூன்றாம் தெரு என்று ஒன்று இருந்தது, அதில் இருபத்து நான்கு வீடுகள் இருந்தன, வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, வாசலுக்குப் பால் வந்தது, ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வந்தது. அந்தத் தெருவைக் கொண்டுவந்தவள் தவமணி. கொண்டுபோனவளும் அவள்தான். இதில் வேறு யாரையும் கைகாட்டிப் பிரயோஜனம் இல்லை.

தவமணி ஆலையின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டவள். இன்றைக்கு மடியில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது எண்பதாம் வருஷம் லாரியில் வந்து, பத்துப் பேர் சேர்ந்து இறக்கி, சுவரை இடித்து உள்ளே கொண்டுபோன கம்ப்யூட்டர். மூன்று பீரோ அளவுக்கு அதன் உடம்பு, பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம் போல ஒரு டிஸ்க் டிரைவ். அந்த டிரைவின் மூடியைத் திறந்தால் இட்லிப் பானைத் தட்டுகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டுகள், தட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத வளையங்கள், அந்த வளையங்களில்தான் வெள்ளப்பாறை முழுவதும் எழுதியிருந்தது: யார் எந்தத் தெருவில் எந்த வீட்டில், வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எந்த ஷிப்டு, எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர். ஊரே சிமென்ட் தூசியில் வெளுத்துக் கிடக்க, அந்த அறை மட்டும் ஏசியும் இரட்டைக் கதவுமாகச் சுத்தமாக இருந்தது, சித்திரை மாதத்தில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்க வந்தவர்கள் போல ஆபீஸே அங்கே வந்து நின்று குளிர்ந்துவிட்டுப் போகும். அந்தக் குளிரையும், தட்டு சுழலும் ரீங்காரத்தையும், அச்சடித்த காகிதம் மடிந்து மடிந்து விழுகிற ஓசையையும் இன்றைக்கும் வெள்ளப்பாறைக்காரர்கள் பெருமூச்சோடுதான் சொல்கிறார்கள்.

அவள் அங்கே ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. அவள் புருஷன் ஆவுடையப்பன் ஆலையில் பிட்டர். எண்பத்திரண்டில் சூளைப் பிரிவில் சாரம் சரிந்து இறந்துபோனான், அவனுக்கு முப்பத்தொரு வயது. வாரிசு வேலை என்று அவளுக்கு ஒன்று கொடுத்தார்கள், அது கம்ப்யூட்டர் அறையில் அமைந்தது. முதல் நாள் அப்போதைய சூப்பரின்டென்டன்ட் எதையும் பார்க்காமல் ஒரு பட்டியலை நீட்டி, "இந்தப் பேரையெல்லாம் எடுத்துடும்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இறந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், மாற்றலாகிப் போனவர்கள் பட்டியல் அது. மூன்றாவது பெயர் ஆவுடையப்பன், நான்காம் எண் வீடு, மனைவி தவமணி, வயது இருபத்தேழு. எந்த விசையை அழுத்தினால் என்ன ஆகும் என்றுகூடச் சரியாகத் தெரியாத ஒருத்தி, ஒற்றை விரலால் தேடித் தேடித் தன் புருஷனை ஊரிலிருந்து எடுத்தாள். அதற்குப் பிறகு பதினாறு வருஷத்தில் எத்தனையோ பேரை எடுத்திருக்கிறாள். அந்த ஒருவன் மட்டும் அவளுக்கு விரல் நுனியிலேயே இருந்தான்.

தொண்ணூற்றெட்டு ஆடியில் டிஸ்க் டிரைவ் செத்துப்போனது. புதிதாக வாங்க அப்படிப்பட்ட டிரைவை உலகத்தில் யாரும் செய்வதில்லை. பர்சனல் மேனேஜர் நம்பிராஜன் நல்ல மனுஷர், நாலு ஊருக்குப் போன் போட்டு, எங்கேயோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டிருந்த பழைய டிரைவ் ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்தார். அண்ணன் தம்பி போல ஒரே சாடை, ஆனால் அதே மாடல் இல்லை. தவமணி அதைத் துடைத்தாள், முன்பக்கத்தில் டிரைவின் எண்ணைச் சொல்லும் பொத்தானைப் பிடுங்கி வேறு பொத்தான் செருகினாள், பெருவிரல் தடிமன் கேபிள்களை மாட்டினாள், கடைசிக் கேபிளின் வாயை அதற்குரிய மூடியால் அடைத்தாள், நல்ல காற்று உள்ளே ஓடித் தூசியைத் துரத்தட்டும் என்று இருபது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவின் முதுகில் எந்தக் காலத்திலோ யாரோ பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டு இருந்தது, எந்தெந்த வளையத்தில் எந்தெந்த இடம் பழுது, அங்கே எதையும் எழுதாதே என்று. அதைப் பார்த்துப் பார்த்து அத்தனையையும் தட்டினாள். எல்லாம் ஒழுங்காக முடிந்து, கடைசியாகக் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. கடைசி வளையத்தின் எண் என்ன?

அங்கேதான் வெள்ளப்பாறை புத்தி வேலை செய்தது. மொத்தம் எண்ணூற்று இருபத்து மூன்று வளையங்கள், அவற்றைப் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும், ஆகவே கடைசி வளையம் எண்ணூற்று இருபத்திரண்டு. இது தவமணிக்குத் தெரியும். ஆனால் குவாரி ஊரில் எண்ணுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெடி வைத்து முடிந்ததும் போர்மேன் மேட்டில் நின்றுகொண்டு மேலே ஏறி வருகிறவர்களை எண்ணுவார், எண்ணி முடித்து ஒன்று கூட்டுவார், எண்ணுகிறவனும் ஓர் ஆள்தானே. கூட்ட மறந்து, யாரோ கீழே மாட்டிக்கொண்டதாக நினைத்து, தன்னையே தேடிக் குழிக்குள் இறங்கிய போர்மேன்கள் உண்டு. அதிலிருந்து அந்த ஊரில் பந்தியில் இலை எண்ணினாலும், கல்யாணத்துக்கு வேன் பேசினாலும், எண்ணி முடித்த கையோடு ஒன்று கூட்டுவார்கள். தவமணியும் எண்ணூற்று இருபத்திரண்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஒன்று கூட்டி, எண்ணூற்று இருபத்து மூன்று என்று தட்டினாள். கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றது. இல்லாத ஒரு வளையத்தை இருக்கிறதென்று எடுத்துக்கொண்டு, ஊர்க் கணக்கை நகல் எடுத்து வைத்திருந்த நாடாவிலிருந்து எல்லாவற்றையும் தன்மேல் எழுதிக்கொண்டது.

மறுநாள் காலையில் பால்காரர் பன்னிரண்டாம் தெருவை முடித்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பப் போனவர், எதிரே இன்னொரு தெரு இருந்ததால் திருப்பாமல் நேரே போனார். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடுகள், ஓட்டின்மேல் அரை அங்குலத் தூசி, வாசலில் பாத்திரத்தோடு பெண்கள். ஊற்றிவிட்டு வந்தார். பால் பற்றவில்லை என்பதைத் தவிர அவருக்கு அதில் வேறு குறை இல்லை. பத்து மணிக்குப் பன்னிரண்டாம் தெருக்காரர்கள் மேனேஜரிடம் வந்து, புதுத் தெருவுக்குத் தண்ணீர் பிரித்துவிட்டதால் தங்கள் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று சண்டை போட்டார்கள். மேனேஜர் தெருப் பட்டியலை அச்சடித்துத் தரச் சொன்னார். காகிதம் மடிந்து மடிந்து விழுந்தது, அதில் பதின்மூன்றாம் தெரு இருந்தது, இருபத்து நான்கு வீடும் இருந்தது, வீட்டு வீட்டுக்குப் பெயரும் இருந்தது.

"லிஸ்ட்ல இருக்கே, அப்புறம் என்னய்யா?" என்று மேனேஜர் கேட்டார். தண்ணீருக்குத் தனி நேரம் ஒதுக்கப்பட்டது.

அங்கே இருந்தவர்கள் யார் என்றால், தவமணி இத்தனை வருஷமாக எடுத்த ஆட்கள். ஆயிரம் பேரில் எந்த இருபத்து நான்கு குடும்பம், ஏன் அவை என்பதற்கெல்லாம் கணக்கு இல்லை. எடுக்கப்பட்ட அன்றைக்கு எந்த வயதோ அந்த வயதில், எந்தச் சட்டையோ அந்தச் சட்டையில், மனைவி மக்களோடு இருந்தார்கள். பேய் பிசாசு என்று யாரும் சொல்லவில்லை, சொன்னால் பொருந்தாது, பேய் ரேஷன் வரிசையில் நின்று முன்னால் நிற்கிறவளோடு மல்லுக்கட்டாது. தாங்கள் எங்கேயும் போனதாகவே அவர்களுக்கு நினைவில்லை. சங்கு ஊதினால் வேலைக்குப் போனார்கள், சங்கு ஊதினால் திரும்பினார்கள்.

கஷ்டம் வந்தது லூர்து போர்மேனுக்குத்தான். அவர் பணி ஓய்வு பெற்று, இரண்டாம் தெருவில் மகன் வீட்டில் சவுக்கியமாக இருந்தவர். பதின்மூன்றாம் தெரு பதினோராம் வீட்டில் அவரே இருந்தார், ஐம்பத்தெட்டு வயதில், மீசை கறுப்பாக, வாயில் பீடியோடு. பெரிய லூர்து தினமும் பதினொரு மணிக்குக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய்ச் சின்ன லூர்துவின் வாசலில் நின்று பீடியை விடச் சொல்லிப் புலம்புவார்.

"எனக்குப் புத்தி சொல்ல நீரு யாருவே?" என்பார் சின்னவர்.

"நான் நீதாம்ல. இந்தா பாரு நெஞ்சுல ஆபரேசன் தழும்பு."

"இத்தன அசிங்கமா நான் இருக்கவே மாட்டேன். நடையக் கட்டும்."

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சீட்டாடுவார்கள். ஒருவர் கையில் என்ன சீட்டு என்பது மற்றவருக்குத் தெரிந்துவிடுவதால் ஆட்டம் முடியவே முடியாது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்.

நான்காம் எண் வீட்டில் ஆவுடையப்பன் இருந்தான். அவனோடு, இருபத்தேழு வயதில், ஒல்லியாக, இரட்டைப் பின்னல் போட்ட தவமணியும் இருந்தாள். பட்டியலைப் படித்த அன்றைக்குத் தவமணி நாற்காலியைவிட்டு எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுந்ததும் நேரே அந்தத் தெருவுக்குப் போனாள். அவன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்கக்கா. யாரத் தேடுதிய?" என்றான்.

நாற்பத்து மூன்று வயதுக்காரியை முப்பத்தொரு வயதுக்காரன் வேறு எப்படிக் கூப்பிடுவான்? சும்மாதான் வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து ஆபீசுக்கு அவளுக்குச் சுற்றுவழிதான் குறுக்குவழி. காலையில் அந்தத் தெரு வழியாகப் போவாள், மாலையில் அந்தத் தெரு வழியாக வருவாள், அவன் டிபன் கேரியரோடு கிளம்புவதைப் பார்ப்பாள், அதைவிட முக்கியமாக அவன் திரும்பி வருவதைப் பார்ப்பாள். சாரம் சரிகிற நாள் அந்தத் தெருவின் காலண்டரில் இல்லவே இல்லை. அவன் போனால் வந்தான். அது ஒன்று போதும் என்று அவளுக்கு இருந்தது, இப்படியே தனக்குத் தலை நரைத்துச் சாகிறவரை இவன் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தது. பன்னிரண்டு தெருவுக்கும் விஷயம் தெரியும். "ஏட்டி தவமணி, அப்போ நீ இம்புட்டு ஒல்லியாவா இருந்த?" என்று மூன்றாம் தெருப் பெண்கள் கிண்டல் செய்வார்களே தவிர, நான்காம் எண் வீட்டில் போய் ஒரு வார்த்தை சொன்னவர்கள் இல்லை. அந்த நாகரிகம் அங்கே இருந்தது. சின்னத் தவமணிக்கு மட்டும் இந்த ஆபீசுக்காரியைக் கண்டால் ஆகாது. "அந்தக் கம்ப்யூட்டர் பொம்பள எதுக்கு நம்ம வீட்டையே பாத்துட்டுப் போறா?" என்று புருஷனிடம் கேட்டுவிட்டு, வேலிக் கதவைக் காதில் விழும்படி சாத்துவாள். பெரிய தவமணிக்கு அது நினைவிருந்தது. இருபத்தேழு வயதில் அவளுக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம்தான்.

ஆனால் டிரைவ் தட்ட ஆரம்பித்திருந்தது. தட்டுக்கு மேலே முடிகூட நுழைய முடியாத இடைவெளியில் மிதந்துபோய்ப் படிக்கிற கை ஒன்று உள்ளே உண்டு. பதின்மூன்றாம் தெருக்காரர் பெயரைப் படிக்க வேண்டி வரும்போதெல்லாம் அந்தக் கை இல்லாத வளையத்தைத் தேடிப்போய்ச் சட்டத்தில் இடித்தது. டொக். ஒரு நாளைக்கு நூறு டொக், இருநூறு டொக். இப்படி இடித்துக்கொண்டே இருந்தால் என்றைக்காவது கை தடுமாறித் தட்டின்மேல் உரசும், உரசினால் அங்கே எழுதியிருப்பது போய்விடும். தவமணிக்கு இது முதல் நாளே தெரியும், எந்த எண்ணைத் தப்பாகத் தட்டினோம் என்பது இரண்டாம் நாளே தெரியும். என்ன சத்தம் என்று மேனேஜர் கேட்டபோது, ஏசியில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றாள். அதுவரை அவள் ஆபீசில் பொய் சொன்னவள் இல்லை.

முப்பத்திரண்டாம் நாள் கை உரசியது. ஏழாம் தெரு ஒன்பதாம் எண் வீடு போயிற்று. போயிற்று என்றால், சுவர் இருந்தது, கதவு இல்லை, ஜன்னல் இல்லை. கடைக்குப் போய்விட்டு வந்த ஆசீர்வாதம் டீச்சரும் அவள் மாமியாரும் பையோடு சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரி அவர்களைப் பார்த்து, நீங்கள் யார், எந்த ஊர் என்று மரியாதையாகக் கேட்டாள். இருபது வருஷப் பழக்கம். டீச்சர் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். தவமணி நகல் நாடாவை மாட்டி அந்த வீட்டைத் திரும்ப எழுத ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று, நாடா பழசு, இரண்டு முறை அறுந்தது. கதவு வந்தது. டீச்சர் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்த பிறகு தவமணி நேரே மேனேஜரிடம் போனாள், எண்ணையும் சொன்னாள், பொய்யையும் சொன்னாள்.

"சரி பண்ண முடியுமா?" என்றார் நம்பிராஜன்.

"ஒரு நம்பர் மாத்தினாப் போதும் சார். அந்தத் தெரு போயிரும்."

"அவங்கள மட்டும் வேற தட்டுல எழுதிக்க..."

"இல்லாத எடத்துல எழுதினத எங்கயும் நகல் எடுக்க வராது சார். பாத்துட்டேன். எல்லா விதத்துலயும் பாத்துட்டேன்."

ஆலைக் கேன்டீனில் கூட்டம் போட்டார்கள், பதின்மூன்றாம் தெருவையும் கூப்பிட்டார்கள், அவர்களைப் பற்றி அவர்கள் இல்லாமல் பேசுவது முறை இல்லை. மேனேஜர் சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்தார், வரவில்லை. இந்தத் தெரு இருந்தால் மற்ற தெரு போய்விடும் என்று நேராகவே சொல்லிவிட்டார். கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்தது ஆவுடையப்பன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு சார்? கம்பெனி வீடு. காலி பண்ணச் சொன்னாப் பண்ண வேண்டியதுதான். ட்ரான்ஸ்பர்னு நெனச்சிக்கிடுதோம்."

"எந்த ஊருக்குப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது இன்னும் ஆர்டர் வரல," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்று முடிவாயிற்று. பாதிப்பேர் வேலையிலும் பாதிப்பேர் வீட்டிலுமாக இருக்கும்போது செய்ய வேண்டாம், எல்லாரும் வீட்டில் இருக்கும்போது செய்யுங்கள் என்று பதின்மூன்றாம் தெருப் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். வெள்ளப்பாறையில் வீட்டைக் காலி செய்கிற அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு போட்டு அனுப்ப வேண்டும். இருபத்து நான்கு வீட்டுக்குப் பன்னிரண்டு தெருவும் அடித்துப்பிடித்துக்கொண்டு சமைத்தது. ஆசீர்வாதம் டீச்சர் வீட்டிலிருந்து மட்டும் ஆறு வீட்டுக்குப் பிரியாணி போயிற்று. பெரிய லூர்து, சின்ன லூர்துவுக்குச் சாப்பாட்டோடு இரண்டு கட்டு பீடியும் வாங்கிக்கொண்டு போனார். இனி எதற்கு அந்தக் கண்டிப்பு என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே அழுதுகொண்டு போனார்.

நான்காம் எண் வீட்டுக்குத் தவமணி போனாள், யாரும் போட்டிக்கு வரவில்லை. முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் போட்டுக் கூட்டாஞ்சோறு, பொரித்த வடகம். சின்னவள் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு முகத்தைத் திருப்பி நிற்க, பெரியவள் இலை போட்டுப் பரிமாறினாள். அவன் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வேலிக் கதவு வரை கூட வந்தவன், உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க."

"ஆர்டர் எந்த ஊருக்கோ தெரியல. குடும்பத்தோட போற எடம்தானான்னும் தெரியல. எனக்கு என்னமோ தனியாத்தான் போவணும்னு மனசுல படுது. அப்படி ஆச்சுன்னா இவளுக்கு யாரும் கெடையாது. பத்தாவது படிச்சிருக்கா. எதுக்கெடுத்தாலும் பயப்படுவா, சந்தேகப்படுவா, ஆனா ஒரு வேலையக் குடுத்தா கருத்தாப் பாப்பா. நீங்க சொன்னா மேனேஜர் கேப்பாருன்னு சொல்லுதாவ. ஆலையில இவளுக்கு ஒரு வேல போட்டுக் குடுக்கச் சொல்லணும்க்கா."

தவமணி வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டாச்சு தம்பி," என்றாள்.

"எப்ப?"

"போட்டாச்சு. கம்ப்யூட்டர் ரூம்ல."

அவன் சிரித்துவிட்டான். "இவளுக்கா? சுவிட்சத் தொடவே பயப்படுவாளேக்கா."

"மொதல்ல அழுவா. பெறகு பழகிருவா. பதினாறு, இருபது வருசம்னு நல்லாப் பாப்பா. ஒருத்தர் ஒரு கொற சொல்ல மாட்டாவ."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"அப்பச் சரி," என்றான் ஆவுடையப்பன், மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு. "அப்ப எனக்கு ஒரு கவலையும் இல்லக்கா." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். சின்னவள் வந்து வேலிக் கதவைச் சாத்தினாள், இந்த முறை மெதுவாக.

மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டது. எண்ணூற்று இருபத்திரண்டு என்று தட்டினாள், ஒற்றை விரலால் இல்லை, பத்து விரலும் பழகிய கையால். நிச்சயமா என்று கேட்டது. விசையை அழுத்தினாள். தட்டு சுழன்றது, கை போயிற்று, வந்தது, போயிற்று, வந்தது. எங்கேயும் இடிக்கவில்லை. அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லாத அந்த அறையில் அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

நம்பிராஜன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதாம்மா?"

"அவரு ஒரு கவலையும் இல்லன்னு சொல்லிட்டுத்தான் சார் போனாரு," என்றாள் தவமணி. பிறகு குரலெடுத்து அழ ஆரம்பித்தாள், பதினாறு வருஷத்துக்கும் சேர்த்து. மேனேஜர் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, யாரும் உள்ளே போய்விடாதபடி அங்கேயே நின்றுகொண்டார்.